மன்னார்க் கடலும் அண்டை நாட்டு ஐக்கியமும்

அண்டை நாடுகள் தம்முள் ஓர் ஐக்கியத்தை ஏற்படுத்திக்கொள்வது எங்ஙனம், அவ்வைக்கியம் எத்தகைய அஸ்திவாரத்தின்மேல் நின்றால் நிலைக்கும், எதன்மேல் நின்றால் சரியும் என்னும் கேள்வியை விசாரிக்கப் புகுவோர் பெரும்பாலும் ஐரோப்பாவையே நோக்கிச் செல்கின்றனர். 1951 இல் ஆறு நாடுகள் பாரிஸ் நகரில் கையெழுத்திட்ட நிலக்கரி எஃகு உடன்படிக்கையும், 1957 ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையும், 2002 இல் பொதுமக்கள் கைக்கு வந்த யூரோ நாணயமும், 2020 இல் பிரிட்டன் வெளியேறியதும் எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. ஆயினும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 150 கடல் மைல் பரந்து கிடக்கும் மன்னார்க் கடலின் சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவருக்கு, வாளினால் ஆன இணைப்பு, ஒரே அந்நிய எஜமானனின் ஆட்சிக்குட்பட்ட இணைப்பு, ஒரே நாணயத்தால் ஆன இணைப்பு, தீர்வைக் குறைப்பினால் ஆன இணைப்பு என்று இவ்விஷயத்தில் மனிதர் கையாண்ட அநேகமாக எல்லா உபாயங்களும் நம் கரையிலேயே பரீட்சிக்கப்பட்டிருக்கின்றன என்பது தெளிவாகும். அவற்றுள் எவை தோற்றன, எது யாரும் கட்டளையிடாமலே பல நூற்றாண்டு நடந்துவந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிகப் பழைய காலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கையை, கிரேக்க மொழியில் எழுந்த எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ் என்னும் நூல் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்தெடுத்தனர் என்றும் அது சொல்கிறது. மறுகரையில், விஜயன் மதுரையிலிருந்து பாண்டிய ராஜகுமாரியை மணந்து, ஆண்டுதோறும் மாமனாருக்கு விலையுயர்ந்த முத்தை அனுப்பிவந்தான் என்று மகாவம்சம் கூறும். இது சரித்திரமோ ஐதீகமோ, தம் நாட்டின் முதல் மன்னனது குடும்பத்தை அந்நூலை எழுதிய பிக்ஷு பாண்டிய நாட்டோடும் முத்தோடும் சேர்த்தே நினைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. பின்னர் 993 ஐ ஒட்டி இராஜராஜனின் படை வட இலங்கையைக் கைப்பற்றி, மும்முடிச் சோழ மண்டலம் என்ற பெயரில் அதைச் சோழ ராஜ்யத்தின் ஒரு பகுதியாக்கிற்று. 1070 அளவில் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். அடுத்த நூற்றாண்டில் பராக்கிரமபாகுவின் சேனை பாண்டியரின் வாரிசுப் போரில் தலையிட்டு இராமேசுவரத்தில் இறங்கிற்று. அந்த ஆதிக்கமும் நிலைக்கவில்லை. வாளினால் கூட்டப்பட்ட தேசங்கள் வாள் தளர்ந்தவுடன் பிரிந்தன என்பதோடு தீங்கு முடியவில்லை. இன்றளவும் அந்நாட்களை மேடைகளில் நினைவூட்டி, ஒரு கரையில் வீண் பெருமிதத்தையும் மறுகரையில் தீராத அச்சத்தையும் வளர்ப்போர் இருக்கின்றனர். ஐக்கியம் என்ற பேச்சை எடுத்த மாத்திரத்தில் இலங்கையில் சந்தேகம் எழுவதற்கு அந்தப் பழைய படையெடுப்புகள் இன்னும் காரணமாக நிற்கின்றன.

அரசர்கள் இவ்வாறு வந்துபோய்க்கொண்டிருக்க, எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படாத ஒரு கூட்டு வாழ்க்கை கடலின்மேல் நடந்துவந்தது. சலாபம் என்று நம் கரையில் வழங்கும் முத்துக்குளிப்பு அதுவே. தூத்துக்குடிக்கு எதிரே தொலாயிரம் பார் முதலிய முத்துப் பார்களும், மறுகரையில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, குதிரைமலை ஆகிய இடங்களுக்கு எதிரேயுள்ள பார்களும் ஒரே வளைகுடாவின் இருபுறத்துக் கடலடிப் பாறைகள். சிப்பியின் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் தேடுவதற்குமுன் பல நாள் நீரோட்டத்தோடு மிதந்து திரிபவை. அவற்றுக்கு எல்லை இல்லை. பிரிட்டிஷார் காலத்தில் இத்தொழில் நடைபெற்ற முறையும் இரு கரையிலும் பெரும்பாலும் ஒன்றே. சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்களை முன்கூட்டிச் சோதித்து, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, சலாபம் கூடும் நாளை அரசாங்கத்தார் விளம்பரம் செய்வர். பருவக் காற்றுகள் இரண்டும் ஓய்ந்து கடல் அமைதியாயிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஆளற்ற மணற்கரையில் ஒரு நகரமே எழுந்துவிடும். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், மன்னாரார், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் ஆகிய குளிகாரர்களும், தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிகளும், முதல் போட்ட செட்டிமார்களும், முத்து வாங்க வந்த பம்பாய் வியாபாரிகளும், சுறா அணுகாதபடி மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளும் அங்கே கூடுவர். குளிகாரன் கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி இறங்குவான். மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் மண்டக்கின் கையில் அவன் உயிர் இருக்கும். மாலையில் கரை சேர்ந்த சிப்பியை மூன்று கூறாக்கி, இரண்டு கூறு அரசாங்கத்துக்கும் ஒரு கூறு குளித்தவர்களுக்கும் போக, அரசாங்கப் பங்கு அன்றிரவே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்படும்.

இந்த வரலாற்றில் நம் விசாரணைக்கு முக்கியமானது இதற்கும் முற்பட்ட காலத்து ஏற்பாடு. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் பரதவர் ஜாதித் தலைவருக்கும் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும், தத்தம் பேரால் தீர்வையின்றி இத்தனை கல் இறக்கலாம் என்ற பாத்தியதை இருந்தது. கல் என்றால் ஒரு குளிகாரனின் வேலைக்கு உரிய பங்கு. இவ்வுரிமை இக்கரைப் பார்களோடு நின்றுவிடாமல் மன்னார்ப் பார்களிலும் செல்லுபடியாயிற்று. அதாவது, நிலம் யாருடையது, கோட்டை யாருடையது என்பது ஒரு விவகாரமாகவும், கடலின் பயனில் யாருக்கு என்ன பங்கு என்பது வேறொரு விவகாரமாகவும் வைத்து எண்ணப்பட்டன. ஆதிபத்தியத்தையும் அனுபோகத்தையும் இங்ஙனம் பிரித்து வைத்த அந்த வழக்கத்தில், பிற்காலத்து அரசியல் சாஸ்திரிகள் அரிதில் கண்டறிந்த ஓர் உண்மை அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். குளிகாரரின் வாழ்வு சுகமானதாக இருந்தது என்று இதனால் சொல்லிவிட முடியாது. கடனும் நோயும் விபத்தும் அவர்களை வாட்டின. பெரிய லாபமெல்லாம் கரையிலிருந்தவர்களுக்கே போயிற்று. ஆனால் பங்கு பெறும் முறை இருந்தது. அதை மாற்ற விரும்பிய அரசன் வழக்காட வேண்டியிருந்தது.

போர்த்துக்கீசியரும் அவர்களுக்குப் பின் டச்சுக்காரரும் இரு கரைகளையும் ஏக காலத்தில் தம் கையில் வைத்திருந்தனர். 1560 இல் போர்த்துக்கீசியர் மன்னாரில் கோட்டை கட்டியபோது புன்னைக்காயல் பரதவர் பலரை அங்கே குடியேற்றினர். 1658 இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியார், வேம்பாறு முதல் மணப்பாடு வரையிலுள்ள துறைகளை மதுரைக் கரை என்று பெயரிட்டுக் கொழும்பிலிருந்த தம் கவர்னரின் அதிகாரத்தின்கீழ் வைத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூத்துக்குடி கொழும்பிலிருந்து ஆளப்பட்டது என்பதை இன்று தூத்துக்குடியிலேயே பலர் அறியார். பிற்பாடு நிலைமை தலைகீழாயிற்று. 1796 இல் இலங்கையின் கரையோர மாகாணங்கள் ஆங்கிலேயர் வசமாகியதும் அவை சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அடுத்த இரண்டாண்டுகளில் நடந்தது, அண்டை நாட்டு ஐக்கியம் பேசுவோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம்.

சென்னையிலிருந்து அனுப்பப்பட்ட ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற உத்தியோகஸ்தர், இலங்கையில் வழிவழியாக வரி வசூலித்துவந்த முதலியார்களை விலக்கி, சென்னை ராஜதானியின் அமில்தார்களைக் கொண்டுவந்து புகுத்தினார். ஊழியத்துக்கு ஈடாக நிலம் அனுபவிக்கும் முறையை ரத்துச் செய்தார். தென்னை மரம் ஒவ்வொன்றுக்கும் வரி விதித்தார். சென்னையில் சரியாக நடக்கும் சட்டம் கடலுக்கு அப்பாலும் சரியாகத்தான் நடக்கும் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு இருந்தது. 1797 இல் கலகம் வெடித்தது. அதே 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இடைவிடாது முத்துக்குளிப்பு நடத்திப் பார்களையும் வறிதாக்கினர். விசாரணைக் குழு ஒன்று ஏற்பட்டு, புதிய வரிமுறை கைவிடப்பட்டு, 1798 இல் பிரடெரிக் நார்த் கவர்னராக வந்தார். 1802 இல் இலங்கை நேரே பிரிட்டிஷ் முடியின் ஆட்சிக்குட்பட்ட தனிக் குடியேற்ற நாடாயிற்று. இந்தியாவோடு ஒரே நிர்வாகமாக இருந்திருக்கக்கூடிய இலங்கை தனி நாடாகப் பிரிந்ததற்கு மொழியும் மதமும் உடனடிக் காரணங்களல்ல. பெரிய கரையின் அதிகாரிகள் சிறிய கரையின் வழக்கத்தை மதியாமல் தம் ஏட்டை அங்கே விரித்ததே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு நாடுகளும் அரசியலால் பிரிந்து பொருளாதாரத்தால் ஒன்றாயின என்று சொல்லலாம். 1872 முதல் ரூபாயே இலங்கையின் நாணயம். 1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி தோன்றும் வரை அந்நாட்டு நாணயம் இந்திய ரூபாயைப் பற்றியே நின்றது. 1876 இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையில் ஏறியவர் தூத்துக்குடியில் கப்பலுக்கு மாறிக் கொழும்பில் இறங்கும் ஏற்பாடு, 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு தனுஷ்கோடி தலைமன்னார் வழி ஏற்படும் வரை நடந்தது. தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்களைத் தங்கவைத்துப் பரிசோதிக்க, முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. மண்டபம் முகாமை இந்திய மண்ணிலேயே இலங்கை அரசாங்கம் நடத்திற்று. நாணயம் ஒன்று, பிரயாணச் சீட்டு ஒன்று, உழைப்பாளிகள் தடையின்றிச் செல்லும் வழியும் உண்டு. ஐரோப்பா 1993 இல் ஒற்றைச் சந்தை என்று கொண்டாடியதன் முக்கிய அங்கங்கள் நமக்கு அதற்கு நூறாண்டு முன்னரே இருந்தன. இல்லாதது ஒன்றே: அந்த உழைப்பாளிக்கு எந்தக் கரையிலும் உரிமை எழுதப்படவில்லை.

இக்காலத்தில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். 1906 அக்டோபரில் பதிவான அக்கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். இந்தியரோடு இலங்கையரும் ஏனைய ஆசியரும் பங்கு வாங்கலாம் என்று அனுமதித்திருந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர் ஓட்ட விரும்பிய கப்பல் தேசபக்தியின் சின்னமாக மாத்திரம் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. இரு கரை மக்களும் தம் கடல் வழியைத் தாமே உடைமையாகக் கொள்வதற்குச் செய்த முதல் முயற்சி என்ற அம்சம் பேசப்படுவதில்லை. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907 இல் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தும், இனாமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லியும் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். 1911 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. மறுகரையில், 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பியும் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாயும் கிடைத்ததைக் கண்டு, 1906 இல் இலங்கை முத்துப் பார்கள் முழுவதும் ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. பார்கள் வறண்டு சில ஆண்டுகளில் அக்கம்பெனியும் முறிந்தது. பலருக்கும் கல் கணக்கில் பங்கிருந்த கடல் ஒருவருக்கே உரியதாகிய பிறகு, அதைக் காக்கும் அக்கறை கரையிலிருந்தவர்களுக்கு இல்லாமற்போயிற்று. இக்கரையில் 1961 ஆம் ஆண்டோடு சலாபம் நின்றது.

விடுதலைக்குப் பின் நடந்தவற்றை எல்லோரும் அறிவர். 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பாகம் பிரித்தது. அவர்களில் எவரையும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கடலில் எல்லை வகுக்கும் முயற்சி 1921 அக்டோபரிலேயே கொழும்பில் தொடங்கியது. இலங்கையார் தம் முத்துப் பார்களையும் சங்குப் பார்களையும் காத்துக்கொள்ளவே அதை வேண்டினர் என்பது ஞாபகத்தில் இருக்க வேண்டும். 1974 இல் பாக்கு நீரிணையிலும், 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக் கோடு முடிவாயிற்று. கச்சத்தீவைப் பற்றிய வாதங்கள் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே நம் கவனத்தை நிறுத்திவிட்டன. மன்னார்க் கடலுக்கு உரியது 1976 ஆம் ஆண்டினது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

உலகின் பிற பாகங்களில் ஐக்கியங்கள் எவ்வாறு முறிந்தன என்று சற்றே பார்ப்போம். சிங்கப்பூர் 1963 செப்டம்பரில் மலேசியாவோடு சேர்ந்து 1965 ஆகஸ்டில் பிரிந்தது. எகிப்தும் சிரியாவும் 1958 இல் ஒரே குடியரசாகி 1961 இல் கலைந்தன. மேற்கிந்தியத் தீவுகளின் சமஷ்டி நான்கே ஆண்டு நீடித்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967 இல் அமைத்த கிழக்காப்பிரிக்க சமூகம் 1977 இல் உடைந்து 2000 இல் மீண்டும் உயிர்பெற்றது. இவற்றுள் பெரும்பாலானவற்றில், பெரிய அங்கத்தினருக்கே லாபமெல்லாம் போகிறது என்ற மனத்தாங்கலே முறிவுக்கு வித்து. அதற்கு மாறாக ஐரோப்பியர் முதலில் தொட்டது நிலக்கரியும் எஃகும் மட்டுமே. இரு உலக யுத்தங்களுக்கும் ஆயுதம் தந்த அவ்விரு பண்டங்களையும் ஒரு பொது அதிகாரசபையின் பார்வையில் வைத்து, லக்ஸம்பர்க் போன்ற சிறு நாட்டுக்கும் அதில் இடம் கொடுத்தனர். அதற்கும் முன்னோடியாக, 1815 ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் வித்திடப்பட்ட ரைன் நதிப் போக்குவரத்து ஆணையம், போர்களையும் ராஜ்ய மாற்றங்களையும் கடந்து இன்றும் நடக்கிறது. ஒரு நதிக்கு ஒரு சபை. அதிகாரம் சிறிது, ஆயுள் நெடிது.

நம் பிரதேசத்தில் வேலை மேலிருந்து தொடங்கிற்று. 1985 டிசம்பரில் டாக்காவில் ஏழு நாடுகள் கூடிச் சார்க் அமைப்பை நிறுவின. 2004 இல் கையெழுத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2006 இல் அமலுக்கு வந்தது. ஆயினும் இந்நாடுகளின் மொத்த வியாபாரத்தில் தமக்குள் நடப்பது நூற்றுக்கு ஐந்து அளவிலேயே நிற்கிறது. 2014 இல் காத்மாண்டுவில் கூடிய பின் தலைவர்கள் மறுபடி கூடவே இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் பகைத்திருக்கும் வரையில் அந்த வண்டி நகராது என்றே தோன்றுகிறது. இந்தியாவும் இலங்கையும் தனியே செய்துகொண்ட ஒப்பந்தம், 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலாயிற்று. அது சார்க் ஏற்பாட்டைவிட உருப்படியானது. வியாபாரம் பெருகிற்று. ஆனால் ஆரம்பத்தில் இலங்கையிலிருந்து வந்த சரக்கில் பெரும்பகுதி வனஸ்பதியும் செம்பும். மூலப்பொருளுக்கு அங்கே தீர்வை குறைவாயிருந்ததைப் பயன்படுத்திக்கொள்ள அமைந்த தொழில்கள் அவை. இந்தியா அளவு விதித்ததும் சுருங்கின. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை சலுகைத் தீர்வையில் வரலாம் என்று ஒப்பந்தம் சொல்லிற்று. கொச்சி, கல்கத்தா ஆகிய இரு துறைமுகங்களின் வழியாகவே வர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. கொழும்புக்கு எதிர்க்கரையில் தூத்துக்குடி இருக்க, தேயிலை கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டுமாம்! உள்நாட்டுத் தேயிலைக்காரரின் அச்சத்தைத் தணிக்கச் செய்த ஏற்பாடு என்பது விளங்குகிறது. எனினும் ஒரு கையால் கதவைத் திறந்து மறுகையால் சாத்தும் இம்மனோபாவம் பின்னாளில் அந்நிபந்தனை நீங்கிய பிறகும் மாறவில்லை. சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்து விரிந்த ஒப்பந்தம் ஒன்று 2008 இல் தயாராகியும் கையெழுத்தாகவில்லை. இந்திய மருத்துவரும் பொறியாளரும் வந்து குவிவார்கள் என்று கொழும்பில் எழுந்த எதிர்ப்பை நாம் அற்பமென்று தள்ளலாகாது. 1797 இன் அமில்தார்களை அனுபவித்த தேசம் அது.

சட்டம் அனுமதிக்கும் வழி குறுகும்போது இருட்டு வழி அகலமாகிறது. தூத்துக்குடிக் கரையிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்படும்போது பிடிபட்டவை என்று பத்திரிகைகளில் வாரந்தோறும் வரும் செய்திகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை. 2020 ஐ ஒட்டி இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்ததும் மஞ்சள் மூட்டை தங்கம்போல் கடத்தப்பட்டது. கடல் அட்டையின் கதை இன்னும் விசித்திரமானது. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே நீர், ஒரே பிராணி, இருவேறு சட்டம். இக்கரையில் பிடித்ததை அக்கரைக்குக் கொண்டுபோனால் அது நியாயமான சரக்காகிவிடுகிறது. இதனால் பிராணியும் காக்கப்படவில்லை, ஏழைக் குளிகாரனும் பிழைக்கவில்லை. இடைத்தரகன் ஒருவனே பிழைத்தான்.

துறைமுக விவகாரத்துக்கு வருவோம். 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில் ஆழம் போதாமையால் பெரிய தாய்க் கப்பல்கள் நுழைய இயலாது. ஆகவே திருப்பூர்ப் பனியனும் மதுரைப் பக்கத்து நூலும் சிறு கப்பலில் கொழும்பு சென்று அங்கே மாற்றேற்றப்படுகின்றன. கொழும்பு மாற்றியேற்றும் பெட்டகங்களில் பெரும்பகுதி இந்தியாவுக்குரியது. இதை நம்மவர் சிலர் அவமானம் என்கின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு துறைமுகங்களும் உண்மையில் ஒரே தொழிற்கூடத்தின் இரு அறைகளாக ஏற்கெனவே இயங்குகின்றன. இல்லாதது அதை ஒப்புக்கொள்ளும் நிர்வாகமே. 2025 ஏப்ரலில் கொழும்பின் மேற்கு முனையம் ஓர் இந்தியக் கம்பெனியின் பங்கோடு வேலை தொடங்கிற்று. அடுத்த மாதமே கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் திறக்கப்பட்டது. ஒரு கையால் கூட்டு, மறுகையால் போட்டி. இதற்கிடையில் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு செல்லும் தோணிகள் பெரிய உடன்படிக்கை எதையும் எதிர்பாராமல் ஒரு தீவு நாட்டின் அடுப்பை எரியச் செய்துகொண்டிருக்கின்றன. 2011 ஜூனில் ஆரம்பித்த தூத்துக்குடி கொழும்புப் பயணிகள் கப்பல் அவ்வாண்டு முடிவதற்குள் நின்றுபோனதையும், 2022 இல் இலங்கை பசித்திருந்தபோது தமிழ்நாடு அனுப்பிய அரிசிக் கப்பல்களுள் ஒன்று தூத்துக்குடியிலிருந்தே புறப்பட்டதையும் அருகருகே வைத்து நினைக்க வேண்டும். ஆபத்தில் உதவும் வழி திறக்கிறது. சாதாரண நாளில் மூடிக்கொள்கிறது.

இவை எல்லாவற்றிலும் கூர்மையான பிரச்சினை மீன்பிடிப்பு. இதைப் பற்றி எழுதும் தமிழ்நாட்டார் ஓர் உண்மையைச் சொல்லத் தயங்குகின்றனர். நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலின் அடியை அரித்துச் செல்கிறது. அதனால் பாதிக்கப்படும் யாழ்ப்பாணத்து மீனவரும் மன்னார் மீனவரும் தமிழரே. இலங்கையின் நீண்ட உள்நாட்டுப் போரில் கடலுக்குச் செல்லவே அனுமதியின்றிப் பல ஆண்டு கரையில் உட்கார்ந்திருந்து, மீண்டும் வலை வாங்கி இறங்கியவர்கள். அவர்களின் வலையை அறுப்பதைத் தமிழரின் பாரம்பரிய உரிமை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவ்வாறே, எல்லை தாண்டினான் என்பதற்காக ஒரு கூலிக்காரனைச் சுடுவதையும், படகைப் பறிமுதல் செய்து ஒரு குடும்பத்தின் கடனை நிரந்தரமாக்குவதையும் எந்த நியாயமும் ஒப்பாது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மறுகரையில் அதற்கு இணையான தடைக்காலம் இல்லை. மறுகரையில் 2017 முதல் இழுவைமடி சட்டப்படி குற்றம். நம் கரையில் அது தொழில். முன்னாளில் இரு கரைக்கும் ஒரே பருவத்தில் சலாபம் கூடிய கடலில் இன்று பஞ்சாங்கம்கூட ஒன்றாக இல்லை.

ஆகையால் ஐக்கியத்தைத் தீர்வை அட்டவணையிலோ மாநாட்டு மண்டபத்திலோ ஆரம்பிக்காமல், மன்னார்க் கடல் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் ஓர் இருநாட்டுச் சபை அமைப்பதே முதற்படி என்பது என் துணிபு. அச்சபையில் தில்லிக்கும் கொழும்புக்கும் இருக்கும் இடங்களுக்குக் குறையாத இடங்கள் தூத்துக்குடி, இராமநாதபுரம், மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம் மீனவர் சங்கங்களுக்கு இருத்தல் வேண்டும்; இரு கரைக்கும் வாக்குச் சமமாதல் வேண்டும், ஏனெனில் ஜனத்தொகைப்படி வாக்கு என்றால் இலங்கை அதில் சேராது, சேரவும் கூடாது. பொதுவான தடைக்காலம், இழுவைமடியைக் குறித்த ஆண்டுக்குள் ஒழித்து அதற்கு மாற்றுத் தொழில் கொடுத்தல், முத்துச் சிப்பி, சங்கு, கடல் அட்டை மூன்றுக்கும் ஒரே சட்டம், தோணி வியாபாரத்துக்கு எளிய சுங்கம் ஆகிய நான்கோடு அதன் அதிகாரம் நிற்கலாம்.

இது நடவாத கனவு என்பார்க்கு இரண்டு சங்கதிகளைச் சொல்வேன். 2010 ஆகஸ்டில் சென்னையில் கூடிய இரு கரை மீனவர் பிரதிநிதிகள், இழுவைமடியை ஓராண்டில் கைவிடுவதென்றும், அதுவரை குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அனுமதிப்பதென்றும் தாமே பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அரசாங்கங்கள்தாம் அதற்குச் சட்ட வடிவம் தரவில்லை. இரண்டாவது, 1976 மார்ச்சில் எல்லை உடன்படிக்கையோடு இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீர்ப்பரப்பில் மீன்பிடிக்கலாகாது என்று அவை கூறுவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகின்றனர். அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி என்ற வாசகமும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அனுமதி எப்படிக் கொடுக்கலாம் என்பதற்கு முன்மாதிரியும் அக்கடிதங்களிலேயே உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கரையில், உரிமம் பெற்ற இலங்கைக் கப்பல்கள் ஆறு வரை, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல், மூன்றாண்டுக்கு மீன்பிடிக்க இந்தியா ஒப்புக்கொண்டது. இத்தனை கப்பல், இத்தனை அளவு, இத்தனை ஆண்டு என்பது, இத்தனை கல் என்று நாயக்கருக்கும் சேதுபதிக்கும் மன்னார்ப் பாரில் வகுத்த பழைய கணக்குக்கு நெருங்கிய உறவுடையது. உடன்படிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல், இருபுறமும் அதே வாசகத்தின்கீழ், இழுவைமடி இல்லாத சிறு படகுகளுக்கு எண்ணி உரிமம் வழங்கத் தொடங்கலாம். அவ்வுரிமத்தை எழுதும் பேனாவைச் சபையின் கையில் கொடுப்பதா அமைச்சகங்களின் கையிலேயே வைத்திருப்பதா என்பது ஒன்றே இரு தலைநகரங்களும் தீர்மானிக்க வேண்டிய விஷயமாக மிஞ்சியிருக்கிறது.